பதினோரு நிமிடம் வாங்கி வரப் போனேன்

திருப்பதிக்குப் போகிறேன் என்று சொன்னால் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. மலேசியாவின் ஈப்போவில் என் மனைவி எட்டுப் பேருடைய பெயரை எழுதிக் கொடுத்து எட்டுப் பேருக்கும் லட்டு என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் தன் மகளுக்கு வரன் அமைய வேண்டும் என்று பெருமாளிடம் சொல்லச் சொன்னார். "நான் சாமி பார்க்கப் போகவில்லை, ஒரு படம் வாங்கப் போகிறேன்" என்றேன். "வாங்குங்கள், பெரிய படமாகவே வாங்குங்கள், கண்ணாடி போட்டது" என்றார்.

நான் வாங்கப் போனது பதினோரு நிமிடம் ஓடுகிற படம். எங்கள் ஊரில் ஒரு சிறு திரைப்பட மன்றம் நடத்துகிறோம். வருடத்துக்கு ஒரு மாலை, வாடகை மண்டபம், நூற்றிருபது நாற்காலி. இந்த வருடம் கடைசிப் படமாக மஞ்சுளாவின் புதுப் படம் என்று அறிவித்துவிட்டேன். மஞ்சுளா சித்தூர்க்காரர். கையால் வரைந்து, வரைந்ததை அசைய வைத்துப் படம் எடுப்பவர். அவருடைய பழைய படம் ஒன்றை ஒரு நண்பர் வீட்டுக் கணினியில் பார்த்துவிட்டு, போட்ட கோப்பியைக் குடிக்காமல் மூன்று முறை பார்த்தவன் நான்.

எங்கள் மன்றத் தலைவருக்குத்தான் கவலை. "கார்ட்டூனா? அப்ப பிள்ளைங்க வரும். ஐஸ்கிரீம் சொல்லணுமே" என்றார். "இது பெரியவர்களுக்கு" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, நீங்கள் நினைக்கிற பெரியவர்கள் இல்லை என்று விளக்க வேண்டியதாயிற்று. படத்தின் பெயர் 'அரை பிளேடு' என்று கேட்டதும் மனிதர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

படத்தை இணையத்தில் அனுப்பக் கூடாதா என்று நானும் கேட்டேன். "முடிஞ்சிடுச்சு சார். ஆனா ஒரு ஆளு பாத்து சரின்னு சொல்லணும். நீங்க வந்தா கூடவே பாத்துட்டு, சரின்னா கையோட எடுத்துக்கினு போங்க" என்று போனில் சொன்னார் மஞ்சுளா. சரி இல்லை என்றால்? அதற்குள் எதிர்முனையில் வேறு யாரோ பிறந்தநாள் பேனருக்கு அவசரம் என்று கத்தினார்கள். மண்டபத்து மாலைக்குப் பத்து நாள் இருந்தது. கிளம்பிவிட்டேன்.

சித்தூரில் இறங்கியபோது பகல் பதினொரு மணி. ஜூன் மாதம். எங்கள் ஊர் வெயில் வியர்க்க வைக்கும். இந்த ஊர் வெயில் வியர்வையையும் விடுவதில்லை. ஊரெங்கும் மாம்பழ வாசனை. பழச்சாற்றுக் கூழ் எடுக்கும் தொழிற்சாலைகளுக்குப் போகிற லாரிகள் சாலையோரம் கண்ணுக்கு எட்டிய தூரம் நிற்கின்றன. ஓட்டுநர்கள் லாரிக்கு அடியில் படுக்கை விரித்துத் தூங்குகிறார்கள். நான் மூன்று முறை பார்த்த அந்தப் படம் இந்த லாரி வரிசையைப் பற்றியதுதான். அதில் ஒரு ஓட்டுநர் பழம் அழுகுவதற்குள் தன் முறை வர வேண்டுமே என்று காத்திருப்பார். பழத்தோடு சேர்ந்து அவர் முகமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுக்கும். நேரில் அந்த வரிசையைப் பார்த்ததும் அட, இந்த மஞ்சுளா எதையும் கூட்டிச் சொல்லவில்லையே என்று தோன்றியது.

மஞ்சுளா வீடு ஒரு பேனர் கடைக்கு மேல்மாடி. வயது நாற்பத்து நாலு. ஒல்லியான உருவம், விரலெல்லாம் பென்சில் கரி. கீழே பேனர் கடையில் அவருக்கு வேலை. கல்யாணம், காதுகுத்து, தலைவர் வருகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் வடிவமைப்பார். மாலை ஆறு மணிக்கு மாடியேறினால் அவர் ராஜ்யம். ஒரு மேசை, மேசைக்குள் விளக்கு, மேலே கண்ணாடிப் பலகை. எதிரே ஆளுயர நிலைக்கண்ணாடி பதித்த பீரோ. சுவரெங்கும் அடுக்கு அடுக்காகக் காகிதக் கட்டுகள்.

"ஒரு செகண்டுக்கு எத்தனை படம் வரைவீர்கள்?" என்றேன்.

"பன்னெண்டு."

மனக்கணக்குப் போட்டேன். பதினோரு நிமிடத்துக்கு ஏறக்குறைய எட்டாயிரம். "எல்லாம் நீங்களேவா?"

"வேற யாரு வருவா சார்? நாலு வருசம் ஆச்சு. நல்லா வந்தா ஒரு நாளைக்குப் பத்து. வரலன்னா பூஜ்யம்."

நான் தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். எங்கள் மண்டபத்தில் அந்தப் பத்துப் படமும் ஓடி முடிய ஒரு விநாடி கூட ஆகாது. முன்வரிசையில் ஒருவர் தும்மினால் இவருடைய ஒரு நாள் போய்விடும்.

மதியம் அவரே சமைத்தார். அங்கே சங்கட்டி என்கிற ராகிக் களி, வேர்க்கடலைத் துவையல், கத்தரிக்காய்க் குழம்பு. எங்கள் ஊரில் சாதத்தைப் பிசைந்து சாப்பிட்டுப் பழகியவன் சங்கட்டியைப் பிசையப் போனேன். "பிசையாதீங்க சார். பிட்டு, தொட்டு, அப்பிடியே முழுங்கணும். மென்னு துன்னா அதுக்குக் கோவம் வரும்" என்றார். முழுங்கினேன். இரவு வரை பசிக்கவில்லை.

சாப்பிட்டுக்கொண்டே கதை கேட்டேன். எல்லையோரத்துத் தமிழ்க் கிராமம். நிலம் கிடையாது. நைனாவும் அம்மாவும் மாங்கொட்டை பிரிக்கிற கூலி. பள்ளிக்கூடம் தெலுங்கில். பத்தாவது முடித்ததும் தேர்தலுக்குச் சுவர் எழுதப் போனார். "எல்லாக் கட்சிக்கும் எழுதினேன். ஒரே செவுத்துல காலைல ஒரு சின்னம், அத்த அழிச்சிட்டு சாயங்காலம் இன்னொண்ணு. அப்போ தான் பாத்தேன், அழிச்சி அழிச்சி எழுதினா செவுரு அசையற மாதிரி கீது." அந்த அசைவு மண்டைக்குள் புகுந்துகொண்டது. ஹைதராபாத்தில் குழந்தைகளுக்குச் சாமிக் கதை கார்ட்டூன் எடுக்கிற ஓரிடத்தில் சேர்ந்தார். அங்கே ஆளுக்கொரு பாகம். "எனக்கு வெண்ணெ. குட்டிக் கண்ணன் கையில கீற வெண்ணெ. மூணு வருசம் வெண்ணெ மட்டும் வரைஞ்சேன் சார்."

"அப்புறம்?"

"ஒரு நாளு எங்க நைனாவ நெனச்சேன். மாங்கொட்டை பிரிச்சி பிரிச்சி அவரு கை ரேகையே போச்சு. ரேஷன்ல மெஷின் அவரு விரலை ஒத்துக்க மாட்டேங்குது. இத்த யாரு வரைவா? வெண்ணெய உட்டுட்டு வந்துட்டேன்."

பதினெட்டு வருடம், ஐந்து படங்கள். எல்லாம் சேர்த்து முப்பத்தாறு நிமிடம். முதல் படத்தைக் கிராமத்தில் போட்டபோது கார்ட்டூன் என்று குழந்தைகளைக் கூட்டி வந்தார்களாம். ஐந்து நிமிடத்தில் குழந்தைகள் எழுந்து விளையாடப் போய்விட்டார்கள். அம்மாக்கள் உட்கார்ந்து அழுதார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லையா என்று வாய் வரை வந்ததை நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். "படம் முடியட்டும்னு சொல்லிக்கினே இருந்தேன். படம் முடியல, மாப்பிளைங்க முடிஞ்சிட்டாங்க."

போனில் கேட்க விட்டதை இப்போது கேட்டேன். அந்த ஆள் சரி இல்லை என்று சொன்னால்?

மஞ்சுளா எழுந்து சமையல் மேடையிலிருந்து ஒரு கூடையை எடுத்து வந்தார். காகிதத்தை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்து, பானை மேல் அப்பிக் காயவைத்துச் செய்கிற கூடை. உள்ளே ராகி மாவு இருந்தது. "இது என்னோட நாலாவது படம். நியாயமாப் பாத்தா ஆறு எடுத்தேன். ஒரு லாரி கிளீனரப் பத்தி, மூணு வருசம் வரைஞ்சேன். அவரு சம்சாரம் பாத்துட்டு, வோணாம், எங்க புள்ளைங்க தலை நிமிந்து நடக்கணும்னு சொல்லிச்சு. ஊற வெச்சி அரைச்சிட்டேன்."

கூடையைத் திருப்பிப் பார்த்தேன். வெளிப்புறத்தில் சாம்பல் நிறத்தில் பென்சில் கோடுகள் அங்கங்கே தெரிந்தன. தன் வாழ்க்கையின் மூன்று வருடத்துக்குள் ஒரு மனிதர் ராகி மாவு வைத்திருக்கிறாரே! எனக்கு ஒரு கடிதத்தைக் கிழித்துப் போடவே மனம் வராது.

"யாரப் பத்தின படமோ அந்த ஆளு பாக்கறதுக்கு முன்னாடி ஊரு பாக்கக் கூடாது சார். அவ்ளோ தான் என் சட்டம்" என்றார்.

மறுநாள் திருச்சானூருக்குக் கிளம்பினோம். அரை பிளேடு யாரைப் பற்றியதோ அந்தச் சரோஜா அக்கா அங்கேதான் இருக்கிறார். மலைமேல் முடி காணிக்கை தருகிற பெண்களுக்கு மொட்டை போட்டுப் போட்டு ஓய்ந்தவர். பஸ்ஸில் கணினிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, நாலு வருடத்தைச் சுமக்கிறோம் என்ற பயத்தில் இரு கையாலும் கட்டிப் பிடித்திருந்தேன். பாதி வழியில், மாங்காய் மண்டி இருக்கிற ஊர் தாண்டியதும், பஸ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. இன்னொரு பஸ் வரும் என்றார் நடத்துநர். எப்போது என்று கேட்டதற்கு வானத்தைக் காட்டினார்.

மஞ்சுளா சாலையில் இறங்கிக் கையைக் காட்டினார். மாங்காய் இறக்கிவிட்டுக் காலியாகப் போன ஒரு மினி லாரி நின்றது. ஓட்டுநர் அவரைப் பார்த்ததும், "வெயிட்டிங் படம் எடுத்த அக்காவா? ரண்டி, ரண்டி" என்று வரவேற்றுக் கதவைத் திறந்தார். லாரிக்காரர்கள் அந்தப் படத்தைப் போனுக்குப் போன் அனுப்பி வைத்திருக்கிறார்கள். அதற்கு அவர்களே வைத்த பெயர் அது. வழியெல்லாம் அவர் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்ததை மஞ்சுளா எனக்குச் சொன்னார்: "என் பொண்டாட்டிகிட்ட அந்தப் படத்தைக் காட்டினேன். நான் வீட்டுக்கு லேட்டா வந்தா இப்போ திட்டறதில்ல." உலகத்தில் எத்தனையோ பரிசு இருக்கிறது. இப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை.

இரவு திருப்பதியில் லாட்ஜ்காரர் தரிசன டிக்கெட்டைக் கேட்டார். இல்லை என்றதும் என்னை ஏதோ குற்றவாளி மாதிரி பார்த்துவிட்டு அறை கொடுத்தார். காலையில் திருச்சானூர் ஷேர் ஆட்டோவில் பதினோரு பேர். என் மடியில் கணினி, கணினி மேல் யாருடைய தேங்காய்ப் பையோ. எதிரே அப்போதுதான் முடி இறக்கி, தலையில் சந்தனம் காயாத இரண்டு பெண்கள். ஒருவர் மற்றவரிடம் தெலுங்கில் சொன்னது இது: "போன தடவை மகனுக்கு வேலை கேட்டு முடி கொடுத்தேன். வேலை வந்தது, மருமகள் வந்தாள், முடி இடுப்பு வரை வந்தது. இப்போ மருமகள் போகணும்னு கொடுத்திருக்கேன்." ஆட்டோவே சிரித்தது. ஓட்டுநர் என் தலையைத் திரும்பிப் பார்த்து, "சாருக்கு எப்போ?" என்றார்.

சொல்லிவிடுகிறேன்: எனக்கு முடியில் கொஞ்சம் கர்வம் உண்டு. ஐம்பத்தெட்டு வயதில் காதை மூடுகிற அடர்த்தி. மை போடுவது உண்மைதான். ஆனால் முடி என்னுடையது.

சரோஜா அக்கா வீடு கோயில் குளத்துக்குப் பின்னால், இரண்டு அறை. அறுபத்து மூன்று வயது, கனத்த உடம்பு, வாய் நிறையச் சிரிப்பு. "மலேசியாவா? அங்க பெருமாளு கீறாரா?" என்றார். இருக்கிறார் என்றேன். "எங்க தான் இல்ல!" என்று டீயைக் கையில் கொடுத்தார். சுவரில் கணவர் படம். என்னை மிஞ்சிய முடி அவருக்கு. "ஊருக்கெல்லாம் மொட்ட போட்டேன். அவருக்கு மட்டும் போடல. முடி மேல அவ்ளோ ஆச மனுசனுக்கு. சாவற வரைக்கும் வாரி உட்டேன்" என்றார். அவர் போய் நாலு வருடம் ஆயிற்றாம். கடைசி ஆறு வருடம் கை தூக்க முடியாமல் படுத்திருந்தாராம்.

கணினியைக் கட்டில் மேல் வைத்தார் மஞ்சுளா. சரோஜா அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். படம் ஓடியது.

எப்படிச் சொல்வேன்! பேச்சே இல்லை. வரிசையாகத் தலைகள். ஈரமான முடி விழுகிறது, விழுந்த முடி ஆறாக ஓடுகிறது, ஆற்றோரம் ஒரு பெண் பாதி பிளேடைக் கத்தியில் மாட்டுகிறாள். ஒவ்வொரு தலையிலும் ஒரு வேண்டுதல். முடி போனதும் அந்த வேண்டுதல் மண்டைத் தோலில் ஒரு நிழலாக ஓடி மறைகிறது. மாலையில் அவள் மலை இறங்குகிறாள். படுத்திருக்கும் கணவனின் தலையை மடியில் எடுத்து வைத்து எண்ணெய் தேய்க்கிறாள். விரல்கள் முடிக்குள் போகின்றன, கழுத்துக்கு இறங்குகின்றன. விளக்கு அணைகிறது. இரண்டு உடம்புகள், பத்துப் பன்னிரண்டு கோடுகள்தான். அசைய முடியாத ஒரு உடம்பை இன்னொரு உடம்பு எப்படி நேசிக்கிறது என்பதை அந்தக் கோடுகள் காட்டின. எனக்குக் காது சூடாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வாழ்க்கை அது. தொலைந்தது, கூடைதான் என்று நினைத்துக்கொண்டேன். அதே சமயம் என் கண்ணிலிருந்து நீர் இறங்கிக்கொண்டிருந்தது.

படம் முடிந்தது. சரோஜா அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "அவரு மூக்கு அப்பிடியே வந்துட்டுது" என்றார்.

"அந்த ராத்திரி சீனு, அக்கா..." என்று மஞ்சுளா இழுத்தார்.

"அதுக்கு இன்னா? புருசன் பொண்டாட்டி சமாச்சாரம். நடந்தது தானே" என்று சிரித்தார். நான் மூச்சு விட்டேன். அப்போதுதான் அவர் தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்துப் பார்த்தார். "கை தான் மாறிப் போச்சு."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். பிறந்ததிலிருந்து இடது கைப் பழக்கம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் இடது கையில் கத்தியை எடுத்ததும், சாமிக்குக் கொடுக்கிற முடியில் பீச்சாங்கையா என்று ஒரு அம்மாள் எழுந்து போய்விட்டார். வீட்டில் பித்தளைச் சொம்பின் மேல் சோப்பு நுரை பூசி, ஆறு மாதம் வலது கையால் வழித்து வழித்துப் பழகினார். "இந்த வலது கை சம்பாதிக்கிற கை. ஊரு தலையெல்லாம் தொட்ட கை. அவர இந்தக் கையால தொட மாட்டேன். இடது தான் என் கை. அவருக்கு மட்டும் அது. படத்துல மொட்ட இடதுல போடறேன், அவர வலதுல தொடறேன்."

மஞ்சுளா படத்தைப் பின்னால் ஓட்டினார். ஆமாம். அவருக்கு அது தெரியாததா? சித்தூரில் அவர் அறைச் சுவரில் 'வேலைக்கு வலது, வீட்டுக்கு இடது' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்ததை நானே பார்த்திருந்தேன். எப்படி நடந்தது என்று அவர் யோசித்த இரண்டு நிமிடம் எனக்கு இரண்டு மணி நேரம்.

"கண்ணாடி" என்றார் கடைசியில். "கையெல்லாம் பீரோ கண்ணாடி முன்னாடி நானே நடிச்சி நடிச்சி, அத்தப் பாத்து வரைஞ்சேன். புடவைய போட்டோ பாத்து வரைஞ்சேன். முந்தானை சரியா கீது. கை மட்டும் கண்ணாடிக் கை."

கணினியில் ஒரு பொத்தானை அமுக்கினால் இடம் வலமாகாதா என்றேன். ஆகும், முந்தானை வலது தோளுக்குப் போகும், பஸ்ஸின் பெயர்ப்பலகை திரும்பிக்கொள்ளும் என்றார். கை வருகிற இடம் மொத்தம் இரண்டு நிமிடம் பத்து விநாடி. ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் படம். திரும்ப வரைய வேண்டும்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒளிக்காமல் சொல்கிறேன், குரலை உயர்த்தினேன். "மண்டபம் எடுத்தாயிற்று. அறிவித்தாயிற்று. இன்னும் ஒரு வாரம்தான். எங்கள் ஊரில் எவனுக்குத் தெரியப் போகிறது எந்தக் கை என்று? நானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், எனக்குத் தெரிந்ததா? இப்போது கொடுங்கள், பிறகு திருத்திக்கொள்ளுங்கள்!"

சரோஜா அக்காவும் எனக்காகப் பரிந்தார். "அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துகீறாரு. குடுத்துடும்மா. நான் சரின்னு சொல்லிடறேன்."

"நீ சொல்லுவக்கா. இத்த நீ இன்னொரு வாட்டி பாப்பியா?"

சரோஜா அக்கா சுவரிலிருந்த கணவர் படத்தைப் பார்த்தார். மஞ்சுளா கணினியை மூடினார். "இல்ல சார். மன்னிச்சிடுங்க."

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. இனி கண்ணாடி வேண்டாம், அக்கா கையையே பார்த்து வரைய வேண்டும் என்றார் மஞ்சுளா. அக்கா கத்தியை எடுத்து வந்தார். கத்தி இருந்தது, பிளேடு இருந்தது, வரைய நோட்டும் பதிவு செய்யப் போனும் இருந்தன. தலை இல்லை. இரண்டு பெண்களும் திரும்பி என் தலையைப் பார்த்தார்கள்.

"ஆம்பளைக்கு நான் போட்டதே இல்ல" என்றார் சரோஜா அக்கா.

நானும் அதையே பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் ஐந்து நிமிடம் முன்பு கத்தியவன் நான். நாலு வருட உழைப்பைப் பார்த்து 'எவனுக்குத் தெரியும்' என்று சொன்னவன் நான். வெட்கமாக இருந்தது. சட்டையைக் கழற்றிக் கொல்லைப்புறக் கல்லில் உட்கார்ந்தேன்.

தண்ணீர் தெளித்து, வலது கை உச்சந்தலையில் இறங்கியது. ஆகா, அது என்ன கை! கத்தி தொட்டதே தெரியவில்லை. ஐம்பது வருடக் கர்வம் கால்மாட்டில் கறுப்பும் வெள்ளையுமாகக் குவிந்தது. இடது காதுக்கு மேல் வந்ததும் கை நின்றது.

"இன்னா நைனா இது, தையலு?"

அந்த ஊரில் அப்பாவை அப்படித்தான் அழைக்கிறார்கள். பிரியமாக யாரையும் அழைக்கிறார்கள். சைக்கிளில் விழுந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். என் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் நான் சொல்லி வைத்திருப்பது அதுதான். என்னவோ, தலை காலியானதும் பொய்யும் தங்கவில்லை. எனக்கு ஒன்பது வயது, தோட்டத்தில் இருந்தோம், ரப்பர் பால் பிடிக்கிற பீங்கான் மங்கு ஒன்றைக் குடிவெறியில் அப்பா என் மேல் எறிந்தார், அதை மறைக்கத்தான் இந்த முடி என்று சொல்லிவிட்டேன். சரோஜா அக்கா அந்த இடத்தை மட்டும் இன்னும் மெதுவாக வழித்தார். மஞ்சுளாவின் பென்சில் ஒரு நொடி நின்று, திரும்பவும் ஓடியது.

மொட்டை முடிந்தது. சந்தனமும் வலது கைதான். "இப்போ எண்ணெ தேய்க்கற கை வோணும் அக்கா" என்றார் மஞ்சுளா. நான் தலையைக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தேன். சரோஜா அக்கா இடது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வோணாம்மா. அது அவருக்கு."

உள்ளே போய் அந்தப் பழைய பித்தளைச் சொம்பை எடுத்து வந்தார். தரையில் உட்கார்ந்து, அதைக் கவிழ்த்து மடியில் வைத்து, இடது உள்ளங்கையில் எண்ணெய் விட்டுக்கொண்டார். தேய்த்தார். உச்சியில் ஒரு வட்டம், பிறகு நெற்றிப்பொட்டு, பிறகு காதுக்குப் பின்னால். பித்தளையில் காது ஏது? அவர் விரல் சரியாக ஒரு காதைச் சுற்றிப் போனது. நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கியது. நான் பார்த்தேன், சத்தியமாக அங்கே ஒரு தலை இருந்தது. எட்டாயிரம் படம் வரைந்து மஞ்சுளா செய்வதை இந்த அம்மாள் ஒரு சொம்பை வைத்துக்கொண்டு செய்துவிட்டார். மஞ்சுளா அழுதுகொண்டே வரைந்தார். போனில் பதிவு போடவே மறந்துவிட்டார்.

நாலாம் நாள் சித்தூருக்குத் திரும்பினோம். மொட்டைமாடியில் பெரிய அலுமினியத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, தப்பான ஆயிரத்து ஐந்நூறு தாளையும் கட்டுக் கட்டாக உள்ளே போட்டார் மஞ்சுளா. வைத்திருக்கலாமே என்றேன். "வெச்சிக்கினு இருந்தா ஒரு நாளைக்குச் சோம்பல் வரும் சார். இதுவே போதும்னு தோணும்" என்றார். நானும் கையை விட்டுக் கிழித்துக் கொடுத்தேன். தண்ணீர் சாம்பலாயிற்று. எண்ணெய் தேய்க்கும் விரல்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. வாங்க வந்த பொருளை என் கையாலேயே ஊறவைத்துவிட்டு ஊர் திரும்பினேன்.

விமான நிலையத்தில் என் கடவுச்சீட்டுப் படத்தையும் தலையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "திருப்பதி" என்றேன். விட்டுவிட்டார்கள். லட்டு மறந்துபோயிருந்தது, எட்டுப் பேருக்கும் விமான நிலையக் கடையில் வாங்கியதைக் கொடுத்தேன், பக்தியோடு வாங்கிக்கொண்டார்கள். மன்றத்தில் கடைசிப் படத்துக்குப் பதில் நான் மேடையேறி, படம் ஏன் வரவில்லை என்று பதினோரு நிமிடம் பேசினேன். தையலைப் பற்றிப் பேசவில்லை. கேட்டவர்களிடம் சைக்கிள் என்றே சொன்னேன்.

ஒரு வருடம் ஐந்து மாதம் ஆயிற்று. முடி பழையபடி காதை மூடியது. தீபாவளி முடிந்த வாரம் ஒரு காலை, பசியாறிக்கொண்டிருந்தபோது போனில் படம் வந்தது. கூடவே மஞ்சுளாவின் குரல்: "அக்கா பாத்துட்டாங்க. சரின்னுட்டாங்க. ஆனா அண்ணா, மொட்ட போடற சீன்ல உங்க தலைதான் கீது. நீங்களும் பாத்துட்டு சொல்லுங்க. வோணாம்னா எடுத்துடறேன். என் சட்டம் தெரியும் இல்ல."

மனைவியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தேன். முடி விழுந்தது. வலது கை, கத்தி, ஈரமான மண்டை. காதுக்கு மேல் வந்ததும் கத்தி நின்றது. எட்டுத் தையல். எண்ணிப் பார்த்தேன், எட்டும் இருந்தன. தோலில் ஒரு வெள்ளை மங்கின் நிழல் ஓடி மறைந்தது. கை அந்த இடத்தை மெதுவாகக் கடந்தது.

"இது உங்கள் தலையா? இது சைக்கிளில் விழுந்ததா?" என்றாள் மனைவி.

நான் கண்ணாடி முன்னால் போகவில்லை. முடிக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். இடது காதுக்கு மேல். படத்திலும் இடது காதுக்கு மேல்.

"சைக்கிள் இல்லை" என்று அவளிடம் சொன்னேன். பிறகு போனை எடுத்து மஞ்சுளாவுக்குச் சரி என்று அனுப்பினேன்.